‘நாலெட்ஜ்’ உடன் சேரும் சொற்கள் எவை? நேர்காணலுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

தளேகாவ் (புனே): மும்பை - புனே நெடுஞ்சாலையில் அமைந்துள்ள தொழில் நகரமான தளேகாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் அண்மையில் ஒரு தொடர்பு ஏற்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை நடத்திவரும் ஹூண்டாய் நிறுவனம், தளேகாவில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்க 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்துகொண்டது. இத்தகைய நகரங்களில் வேலை தேடும் தமிழர், மராத்தியர் என இரு தரப்பினரும் நேர்காணல்களில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பதிலளிக்க வேண்டியுள்ளது.

அப்போது பலரும் தடுமாறும் இடம், தமக்குத் தெரிந்ததைச் சொல்லும் இடமே. ‘ஐ ஆம் ஹேவிங் குட் நாலெட்ஜ் இன் ஆட்டோகேட்’ என்ற வாக்கியத்தின் பொருள் புரியும். ஆனால் அது இயல்பான ஆங்கிலம் அன்று. ‘ஐ ஹேவ் எ குட் நாலெட்ஜ் ஆஃப் ஆட்டோகேட்’ என்பதே வழக்கு.

மூன்று திருத்தங்கள்

‘ஹேவ்’ என்ற வினை உடைமையைக் குறிக்கும்போது ‘ஹேவிங்’ எனத் தொடர்வினையாக மாறுவதில்லை. ‘நாலெட்ஜ்’ எண்ணிச் சொல்ல இயலாத பெயர். அதற்குப் பன்மை இல்லை. எனினும் ‘குட்’, ‘பேசிக்’, ‘ஒர்க்கிங்’ போன்ற அடைமொழி முன்வந்தால் ‘எ’ சேர்வது உண்டு. மூன்றாவது, முன்னிடைச்சொல். ஒரு துறையையோ மொழியையோ குறிக்க ‘ஆஃப்’ பொருந்தும். ஒரு பொருள் குறித்த தகவல்களைக் குறிக்க ‘அபவுட்’ வரலாம்.

தமிழில் ‘கணிதத்தில் அறிவு’ என்கிறோம். அந்த ‘இல்’ உருபே ஆங்கிலத்தில் ‘இன்’ ஆகிவிடுகிறது. மராத்தியில் ‘கணிதத்தினுடைய அறிவு’ என்ற அமைப்பு உள்ளதால், அது ‘ஆஃப்’ என்பதோடு எளிதில் பொருந்துகிறது.

எந்த வினை?

அறிவைப் பெறுவதற்கு ‘கெயின்’, ‘அக்வயர்’ ஆகிய வினைகள் பொருந்தும். ‘லேர்ன் நாலெட்ஜ்’ என்பது பொருந்தாது. கற்பது பாடத்தையே, அறிவு அதன் விளைவு. அறிவைப் பிறருடன் பகிர்வது ‘ஷேர் வித்’. அடுத்தவருக்குக் கடத்துவது ‘பாஸ் ஆன் டு’.

‘தெரியும்’ எனப் பொருள்படும் ‘நோ’ என்ற வினையிலும் கவனம் தேவை. ‘ஐ நோ அப்துல் கலாம்’ என்றால் நேரில் பழக்கம் என்று பொருள்படும். ‘நோ அபவுட்’ என்றால் அவரைப் பற்றிய செய்திகள் தெரியும். ‘நோ ஆஃப்’ என்றால் அப்படியொருவர் இருப்பது மட்டும் தெரியும்.

சொல்லும் அதன் துணையும்

ஒரு சொல்லின் பொருளை அதனுடன் சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு அறியலாம் என்ற கருத்தை வளர்த்தவர் பிரிட்டன் மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபர்த். இவர் 1920களில் லாகூரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ்.ஹார்ன்பியும் அவருடைய குழுவினரும், கற்போருக்கெனத் தொகுத்த அகராதியை 1942இல் டோக்கியோவில் வெளியிட்டனர். எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதை அது காட்டியது. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகெங்கும் பரவியது. சொற்சேர்க்கைகளுக்கென்றே தனி அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு 2002இல் வெளியிட்டது.

ஆகவே சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், துணைச் சொற்களோடு முழுத் தொடராகக் கற்பதே பயன் தரும். இதற்குச் சான்று விண்ணப்பதாரர்களின் கையிலேயே உள்ளது. தன்விவரக் குறிப்பின் இறுதியில் இடம்பெறும் உறுதிமொழியில், ‘டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்’ என்ற தொடரை எவரும் பிழையாக எழுதுவதில்லை. இலக்கண விதியை எண்ணிப் பார்த்து அதை யாரும் எழுதுவதில்லை; முழுத் தொடராகப் பழகியதே காரணம்.