திறப்பு விழாவுக்கு நிதி உண்டு; தோட்டக்காரருக்கு?

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். பட்டுப் புடவை எடுக்க வரும் கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. அங்குள்ள சமணக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கூரை ஓவியங்களில் ரிஷபதேவர், மகாவீரர், நேமிநாதருக்கு உறவுமுறை என்பதால் கண்ணன் என்று மூவர் கதையும் வரிசை வரிசையாக ஓடுகிறது. காட்சிகளுக்குக் கீழே தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். விளக்கப் பலகையே தேவையில்லாத அருங்காட்சியகம். 1934-ல் சென்னை அருங்காட்சியகம், டி.என்.ராமச்சந்திரன் எழுதிய நூல் ஒன்றை இவ்வூர்க் கோயில்களுக்கென்றே வெளியிட்டது.

இத்தனை நூற்றாண்டு இது நின்றதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. சிம்மவிஷ்ணுவின் தந்தை சிம்மவர்மன், பருத்திக்குன்றின் வச்சிரநந்திக்கு அமண்சேர்க்கை என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிக்கான கொடையாக, கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. 1387-ல் சங்கீத மண்டபத்தைக் கட்டிய விஜயநகரத் தண்டநாயகர் இருகப்பர், 1382-லேயே மகேந்திரமங்கலம் என்ற ஊரைக் கோயிலுக்கு எழுதிவைத்துவிட்டார். முதலில் வருமானம், பிறகு மண்டபம்.

நம் உள்ளாட்சிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. 2015-ல் வந்த மத்திய அரசின் ‘அம்ருத்’ நகர்ப்புறத் திட்டத்தில் பூங்காக்களுக்கென்று இரண்டரை சதவீதம் வரை ஒதுக்க வழி இருந்தது. காஞ்சிபுரமும் அந்தப் பட்டியலில் இருந்த ஊர்தான். இப்படிப்பட்ட திட்ட நிதியில் பேவர் பிளாக் நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், பெயர் பொறித்த கல்வெட்டு எல்லாம் வந்துவிடும். மறுநாள் காலையில் குழாயைத் திறந்து செடிக்குத் தண்ணீர் விடுகிறவரின் சம்பளம் வராது. அதை உள்ளாட்சி தன் பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அங்கே ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், குப்பை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. குடிநீரில் கை வைத்தால் காலிக் குடங்களோடு சாலை மறியல் நடக்கும். பூங்காவில் கை வைத்தால்? புல் காய்ந்தது கண்ணில் படுவதற்குள் அடுத்த பட்ஜெட் வந்துவிடும். அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை பூங்காக்களை நகராட்சிகளின் பணிகளில் சேர்த்திருக்கிறது. பணிதான் சேர்ந்தது, பணம் சேரவில்லை.

பணம் இல்லாவிட்டாலும் நிலமாவது மிஞ்சுமா? சென்னையைப் பாருங்கள். ஆளுநர் டிரெவெலியன் 1859-ல் தொடங்கிவைத்த பீப்பிள்ஸ் பார்க்கின் பரப்பு 116 ஏக்கர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் 1855-ல் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலையும் பிறகு மாநகராட்சி வசமாகி இங்கேதான் வந்தது. அப்புறம் அந்த நிலத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால், 1900-ல் மூர் மார்க்கெட் என்று கட்டடங்கள் முளைத்தன. 1913-ல் மாநகராட்சி தன் தலைமையகத்தையே அங்கே கட்டிக்கொண்டது. ரிப்பன் மாளிகையின் வெள்ளை அழகை ரசிக்கும் யாருக்கும் அது பூங்கா நிலம் என்று தோன்றாது! 1985-ல் மிருகங்களும் வண்டலூருக்குப் போய்விட்டன.

பணம் குறைந்தால் முதல் வெட்டு இப்படிப்பட்டவற்றுக்கே என்பது பணக்கார நாட்டிலும் நடக்கிற கதைதான். 2023 செப்டம்பரில் பணமில்லை என்று கையை விரித்த இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம், அடுத்த ஆண்டே நகரின் பெரிய கலை அமைப்புகளுக்கான மானியத்தைப் பாதியாக்கி, அதற்கடுத்த ஆண்டு அடியோடு நிறுத்த முடிவெடுத்தது.

தமிழ்நாட்டில் ஒன்று மட்டும் இந்த வெட்டுக்கு ஓரளவு தப்பியது: நூலகம். எஸ்.ஆர்.ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது; இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலகத் துறைக்குக் கட்டாமல் இழுத்தடிப்பதும் உண்டுதான். ஆனாலும் நிலுவை என்று சொல்லிக் கேட்க ஒரு தொகை இருக்கிறதே! பூங்காவுக்கும் ஊர் அருங்காட்சியகத்துக்கும் அதுவும் கிடையாது.

இவ்விரண்டுக்கும் சொத்து வரியில் ரூபாய்க்கு இரண்டு காசு ஒதுக்கினால்கூட நல்ல தொடக்கம். வரியை ஏற்ற வேண்டாம், வசூலாவதிலேயே பிரித்து வைக்கலாம். ஒரே நிபந்தனை: அந்தக் காசை வேறு கணக்குத் தலைப்புக்கு மாற்றும் அதிகாரம் ஆணையருக்கும் இருக்கக் கூடாது, மன்றத்துக்கும் இருக்கக் கூடாது.