பொருத்தமும் பொதுத்தரமும்

நுழையும்முன்

ஓரிடத்தில் செய்த பொருள், வேறோரிடத்தில் செய்த பொருளோடு பொருந்த வேண்டுமெனில் இரண்டும் ஒரே தரத்தைப் பின்பற்ற வேண்டும். தொழிற்சாலைக்குரிய இவ்விதி, கணினி மென்பொருளுக்கு இன்றும் தேவையா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

தொழிற்சாலை தரும் பாடம்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி, தமிழ்நாட்டின் பெரும் தொழில்வட்டாரங்களுள் ஒன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலையும் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கின. இவற்றுக்கு வேண்டிய உதிரிபாகங்களைப் பல நிறுவனங்கள் தனித்தனியே செய்து அனுப்புகின்றன. ஒரு நிறுவனத்தின் போல்ட்டில் மற்றொரு நிறுவனத்தின் நட்டு எவ்வாறு பொருந்துகிறது? ‘எம்8’ எனக் குறிக்கப்படும் போல்ட்டின் விட்டம் 8 மி.மீ.; அதன் இயல்பான மரை இடைவெளி 1.25 மி.மீ. இவ்வளவுகளைப் பன்னாட்டுத் தரம் வரையறுத்துள்ளது. செய்தவர் எவராயினும் பொருள் பொருந்துகிறது.

லினக்ஸ் வழங்கல்கள்

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இயங்குதளத்தின் கருப்பகுதி மட்டுமே. அதனோடு பிற மென்பொருள்களைச் சேர்த்து உருவாக்கப்படும் முழுத்தொகுப்பை ‘வழங்கல்’ என்பர். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியன அத்தகையவை. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் வழங்கல், தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் இடம்பெற்றது.

வழங்கல்கள் பெருகியபோது சிக்கலும் எழுந்தது. ஒன்றிற்காக உருவாக்கிய மென்பொருள் மற்றொன்றில் இயங்காது போகலாம். இதனைக் களைய, 2001இல் ‘லினக்ஸ் தர அடித்தளம்’ என்னும் பொதுத்தரம் வெளியிடப்பட்டது. எந்தெந்த நிரல் நூலகங்கள் இருத்தல் வேண்டும், மென்பொருளை எவ்வடிவில் பொதிந்து தருதல் வேண்டும் என்பனவற்றை அது வகுத்தது. ஆனால், அது தேர்ந்த பொதிவடிவம் டெபியன் பயன்படுத்திய வடிவமன்று. அத்தரத்தின்படி மென்பொருள் வெளியிட்டோரும் மிகச் சிலரே. 2015இல் டெபியன் அம்முயற்சியைப் பெரும்பாலும் கைவிட்டது.

தேவை நீங்கிவிட்டதா?

இன்று ஃபிளாட்பேக் போன்ற முறைகளில், மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னுடனோ பொதுவான ஓர் அடித்தொகுப்பிலோ பெற்றுக்கொள்கிறது. எனவே பொதுத்தரம் தேவையில்லை எனச் சிலர் கருதுவர். ஆயின், ஃபிளாட்பேக்கும் பலர் ஏற்றுக்கொண்ட ஒரு பொதுவடிவமே. அது இயங்குவதற்கும், பழைய நிரல்களைக் கைவிடாத லினக்ஸ் கருப்பகுதியின் நிலையான இடைமுகம் வேண்டும். மேலும், ஒரே நூலகம் பல படிகளாக இருப்பின் இடம் மிகும். அதிலுள்ள பாதுகாப்புக் குறையை ஒவ்வொரு படியிலும் தனித்தனியே திருத்த நேரும். ஆகவே, தரம் மறையவில்லை. அது இருக்கும் இடமே மாறியுள்ளது.

தமிழர் கண்ட உண்மை

இதனைத் தமிழே நமக்கு உணர்த்தியது. முன்னர் எழுத்துருதோறும் குறியாக்கம் வேறுபட்டது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இன்று பாஸில் எழுதிய தமிழை உபுண்டுவிலும் கைப்பேசியிலும் படிக்க முடிகிறது.

எந்த வழங்கலையும் தேர்ந்துகொள்ளும் உரிமை பயனருக்கு உண்டு. நாம் எழுதியதை நாளை வேறொரு கணினியில் திறக்க இயலும்போதே அவ்வுரிமை பயன் தரும். அதற்கு உறுதியளிப்பது பொதுத்தரமே.

தெரிந்து தெளிவோம்

லிப்ரெ ஆபிஸ் மென்பொருள் கோப்புகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் ‘திறந்த ஆவண வடிவம்’, 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இத்தரத்தைப் பின்பற்றும் எம்மென்பொருளும் அக்கோப்புகளைத் திறக்கலாம்.