பெட்டிக்குள் ஓர் எண்

தாமிரபரணிப் படுகையில் பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. மணிமுத்தாறு 118 அடி. அன்றாட நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அந்த எண்களை முழு அடியாக, ஜாவா மொழியில் கம்ப்யூட்டருக்குள் சேர்த்து வைப்போமா?

ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் போதும். ஆனால் ஜாவாவின் பொதுப் பட்டியல் வெறும் எண்ணை ஏற்காது. எண்ணைப் பெட்டியில் அடைத்து, பெட்டியின் முகவரியைத்தான் குறித்துக்கொள்ளும். இன்றைய 64 பிட் கம்ப்யூட்டரில் வழக்கமாகப் பெட்டிக்கு 16 பைட், முகவரிக்கு 4, ஆக 20. கால் கிலோ அல்வாவுக்கு ஒரு கிலோ டப்பா! நேரமும் வீண்: ஒவ்வோர் எண்ணுக்கும் முகவரி தேடிப் போகவேண்டும்.

−128 முதல் 127 வரை மட்டும் ஜாவா முன்பே பெட்டி செய்து வைத்திருக்கிறது. மணிமுத்தாறு நிரம்பினாலும் அந்தப் பழைய பெட்டிகளே போதும். பாபநாசத்தில் 128 அடி தொட்டதும், ஒவ்வொரு பதிவுக்கும் புதுப் பெட்டி!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரட்டைச் சமக்குறி (==) போட்டு ஒப்பிட்டால், ஜாவா எண்களைப் பார்க்காது; ஒரே பெட்டிதானா என்றே பார்க்கும். 118-உம் 118-உம் சமம் என்னும். 143-உம் 143-உம் வேறு என்னும். கோடையில் சோதித்தபோது சரியாக ஓடிய நிரல், அணை நிரம்பும் நாளில் பிசகும்.

எண்களுக்கென்றே உள்ள 'அரே' வரிசையில் பெட்டியே கிடையாது.