உடல் எடை குறையும் காலத்தில் உடை வாங்குதல்

உடல் எடை குறையும் காலத்தில் உடை வாங்குதல் என்பது, உடலின் அளவு மாறிக்கொண்டிருக்கும் மாதங்களில் எந்த உடையைப் புதிதாக வாங்குவது, எதைப் பிடித்துத் தைப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்வதைக் குறிக்கும். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மகப்பேறு, அறுவை மருத்துவம், மருந்து, நோய் எனக் காரணம் எதுவாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். இன்று பொருந்தும் சட்டை மூன்று மாதத்தில் தொளதொளத்துப் போகும். இக்கட்டுரை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து இதனை விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் கூடுதல் உடல் எடை பரவலாகிவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினரும், அதே வயது ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2015–16 ஆய்வில் இது முறையே 30.9, 28.2 விழுக்காடாக இருந்தது. எடை கூடியவர்கள் பெருகப் பெருக, மருத்துவர் சொல்லி எடையைக் குறைப்பவர்களும் பெருகுகின்றனர். 2025-இல் டிர்செபடைட், செமாகுளூடைட் ஆகிய ஊசி மருந்துகள் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்தபின், சில மாதங்களில் பல கிலோ குறைவது பெருநகரங்களுக்கு வெளியேயும் அறிந்த செய்தியாகிவிட்டது.

இந்த வட்டாரத்தில் மெலிவது எப்போதும் நல்ல செய்தியாகக் கருதப்படுவதில்லை. "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, சர்க்கரையா?" என்ற கேள்வி திருமண மண்டபத்திலும் பேருந்து நிலையத்திலும் தவறாமல் வரும். முயன்று எடை குறைத்தவரும் பழைய சட்டையிலேயே இருந்தால் நோயாளி போலத் தோன்றுவார். ஆகவே, பொருந்தும் உடை இவர்களுக்கு வெறும் அழகு சார்ந்த ஆசையல்ல.

அளவு உள்ள உடையும் அளவு இல்லாத உடையும்

வேட்டி, லுங்கி, புடவை, துண்டு ஆகியவற்றுக்கு அளவு கிடையாது. நான்கு முழ வேட்டி 90 கிலோ உடம்பிலும் நிற்கும், 65 கிலோ உடம்பிலும் நிற்கும். மடிப்பு மட்டும் கூடும். ஐந்தரை மீட்டர் புடவையும் அப்படியே. கொசுவத்தில் இரண்டு மடிப்பு அதிகமாக வைத்தால் போதும். விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாடு பட்டுப் புடவை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நெய்த புடவையைத் தாயும் மகளும் ஒருவர் பின் ஒருவராக உடுத்த முடிவது இதனால்தான்.

எனவே எடை குறையும் காலத்தில் துணிக்குப் பணம் செலவிட்டே ஆகவேண்டும் என்றால், அதை வேட்டியிலும் புடவையிலும் போடுவது பாதுகாப்பானது. சிக்கல் ரவிக்கையிலும், சுடிதாரிலும், சட்டையிலும், பேண்ட்டிலும் மட்டுமே இருக்கிறது. நைட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் உடை. அது எப்போதுமே தொளதொளவென்று இருப்பதால், எடை குறைந்ததை அணிபவரிடமிருந்தே மறைத்துவிடும்.

எவ்வளவு எடைக்கு ஓர் அளவு

பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வேகம் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரை. ஒரு கிலோ குறைந்தால் இடுப்புச் சுற்றளவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையும் என்பது தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது மாறும். ஆயத்த உடைகளில் 38, 40, 42 என்று ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 2 அங்குலம், அதாவது சுமார் 5 சென்டிமீட்டர். ஆக, நான்கு முதல் ஆறு கிலோவுக்கு ஓர் அளவு இறங்கும் என்று கொள்ளலாம்.

ஆடித் தள்ளுபடியில் தீபாவளிக்கான சட்டையை வாங்கிவைக்கும் பழக்கம் எடை குறைப்பவருக்கு ஏன் உதவாது என்பது இக்கணக்கிலேயே தெரியும். ஆடிக்கும் தீபாவளிக்கும் இடையே சுமார் மூன்று மாதம். வாரம் அரை கிலோ என்றாலும் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். தள்ளுபடித் துணியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. "குறைந்ததும் சரியாகிவிடும்" என்று ஓர் அளவு சிறியதாக வாங்கிவைப்பதும் பலர் செய்வதே. அந்த உடை பொருந்தும் நாள் வராமல் போனால், அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆண்களின் பேண்ட் அளவு எடைக் குறைவைச் சரியாகக் காட்டாது. பலர் தொப்பைக்குக் கீழே பேண்ட் அணிகிறார்கள். 34 அளவு பேண்ட் போடுபவரின் வயிற்றுச் சுற்று 40 அங்குலமாக இருக்கலாம். இத்தகையோருக்கு முதலில் தளர்வது சட்டையின் நடுப்பகுதிதான். பேண்ட் பல வாரம் அப்படியே நிற்கும். இஞ்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் வைத்து அளப்பதே நம்பத்தக்கது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது தெற்காசியருக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை.

பேண்ட்டின் இடுப்பைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கும் பழைய வழக்கம், போட்டுப் பார்க்கும் அறை இல்லாத சிறு கடைகளில் இன்றும் உண்டு. எடை நிலையாக உள்ளவருக்கு அது ஓரளவு ஒத்துவரும். கழுத்தும் இடுப்பும் ஒரே வேகத்தில் மெலிவதில்லை என்பதால், இளைத்துக்கொண்டிருப்பவர் அதை நம்பி வாங்கக்கூடாது. சட்டைப் பட்டியில் உள்ள எண்ணையும் முழுதாக நம்பமுடியாது. ஒரு நிறுவனத்தின் எல் அளவு இன்னொன்றின் எக்ஸ்எல் ஆக இருக்கும். இந்தியருக்கெனப் பொது அளவுமுறை வகுக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை மேற்கொண்டது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பது அதன் இலக்கு.

தையல்காரரின் பங்கு

நேருஜி சாலையை ஒட்டிய விழுப்புரம் கடைத்தெருவிலும், திண்டிவனம் நேரு வீதிப் பக்கத்திலும் துணிக்கடைகளை அடுத்து ஒரே ஓர் இயந்திரத்துடன் ஆல்டர் வேலை மட்டும் செய்யும் தையல்காரர்களைக் காணலாம். எடை குறைப்பவருக்குத் துணிக்கடையைவிட இவர்களே அதிகம் பயன்படுவார்கள். பிடித்துத் தைக்கும் கூலி, புதுச் சட்டையின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. சட்டையில் பக்கவாட்டுத் தையலைப் பிடிப்பது எளிது. தோள்பட்டை இறங்கிவிட்டால் கையைப் பிரித்துத் திரும்ப ஏற்றவேண்டும், அதற்கு ஆகும் வேலைக்குப் புதிது வாங்கிவிடலாம். பேண்ட்டில் பின்பக்க நடுத் தையலில் இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்குமேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஜீன்ஸில் இரட்டைத் தையல் பிரித்த தடம் மறையாது. சுடிதார் டாப்ஸில் அக்குள் முதல் இடுப்பு வரை பிடிப்பது எளிது. கீழே ஓப்பன் தொடங்கும் இடத்தில்தான் தையல் கோணலாகும்.

ரவிக்கையில்தான் உண்மையான கவனம் தேவை. நல்ல தையல்காரர் பக்கவாட்டில் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பார். பருத்தால் ஒரு தையலைப் பிரிக்கவும், இளைத்தால் உள்ளே இன்னொன்று ஓட்டவும் அது இடம் தரும். எடை குறையும் காலத்தில் தையல்காரரிடம் சொல்லவேண்டியது ஒன்றே: பிடித்துத் தையுங்கள், உள்ளே உள்ள துணியை வெட்டவேண்டாம். எடை குறைத்தவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் ஒரு பகுதி எடை திரும்புகிறது. வெட்டி ஓவர்லாக் போட்ட ரவிக்கையை அப்போது பிரிக்கமுடியாது.

அளவு ரவிக்கையாகப் பழையதைக் கொடுத்துப் புதியது தைக்கச் சொல்வது இக்காலத்தில் பொருந்தாது. நேரில் சென்று உடலில் அளவெடுக்கச் செய்யவேண்டும். பிரின்சஸ் கட் ரவிக்கையில் மார்பளவு தையலோடு சேர்ந்தே அமைவதால், பக்கவாட்டில் மட்டும் பிடித்தால் முன்பக்கம் துருத்தும். சாதாரண டாட் வைத்த ரவிக்கை இதைவிடப் பொறுத்துப்போகும். ஆரி வேலை செய்த ரவிக்கை விலை கூடியது; வேலைப்பாடு பக்கத் தையல் வரை ஓடினால் பிடிக்கவே முடியாது. திருமணத்துக்கு அவசியம் வேண்டுமென்றால் கை, பின்கழுத்து ஆகிய இடங்களில் மட்டும் வேலைப்பாடு வைத்துப் பக்கங்களை வெறுமையாக விடச் சொல்லலாம். தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் தையல்காரர்கள் முன்கூட்டியே துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

முதலில் வாங்கவேண்டியவை

புதிதாக வாங்கியே தீரவேண்டியவற்றில் உள்ளாடை முதலிடம் பெறுகிறது. பெண்களின் உள்ளாடை அளவு ரவிக்கைக்கு முன்பே மாறிவிடும்; பழையதை அணிந்துகொண்டு ரவிக்கைக்கு அளவு கொடுத்தால் ரவிக்கையும் பிழையாகும். சிறு ஊர்க் கடைகளில் ஆண் விற்பனையாளரிடம் அளவு கேட்கத் தயங்கிப் பழைய எண்ணையே சொல்லி வாங்கும் பெண்கள் ஏராளம். வீட்டிலேயே டேப்பில் அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது இத்தயக்கத்துக்கு எளிய மாற்று.

அடுத்து, வேலைக்குப் போட்டுச் செல்ல இரண்டு மூன்று இடைக்கால உடைகள். இவற்றின் ஆயுள் சில மாதங்களே என்பதால் விலை குறைந்தவையாக இருக்கவேண்டும். ஆண்களுக்கு நாடாவோ எலாஸ்டிக்கோ உள்ள கால்சட்டையும், பெண்களுக்கு நாடா வைத்த பட்டியாலாவும் இரண்டு அளவு வரை தாங்கும். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஒரு முக்கோணமாக அமைந்துள்ளன. புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு இவ்விரு ஊர்களிலிருந்தும் மலிவுத் துணி வாங்கச் செல்வோர் உண்டு. ஆனால் பொருந்தாத ஒரு பேண்ட்டை மாற்ற மறுபடி புதுச்சேரி போவதென்றால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டுமே. மாற்றவேண்டி வரக்கூடிய உடையை உள்ளூரிலேயே வாங்குவது இதனால் மலிவாக முடியும்.

மோதிரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விரல் மெலிந்து, சோப்பு நுரையோடு கழன்று போன தங்கத்தின் மதிப்பு ஒரு வருடத் துணிச் செலவைவிட அதிகமாக இருக்கலாம்.

இறுக்கிக் கட்டும் நாடா

பாவாடை தளர்ந்தால் பெண்கள் வழக்கமாகச் செய்வது நாடாவை இன்னும் இறுக்குவது. இளைத்த உடலில் இடுப்பெலும்பின் மேல் மெல்லிய கயிறு நேராக அழுந்தும். பல ஆண்டுகள் பாவாடை நாடா இறுக்கியதால் உண்டான ஆறாத புண், தோல் புற்றாக மாறிய இரு மூத்த பெண்களைப் பற்றி மகாராட்டிரம், பீகார் மருத்துவர்கள் 2024-இல் பிரிட்டன் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். இது அரிது, ஆனால் இடுப்பில் கருத்த தடமும் அரிப்பும் அரிதல்ல. பாவாடையின் சுற்றைப் பிடித்துத் தைத்து, கயிற்றுக்குப் பதில் அகலமான பட்டை வைப்பது ஒரு தையல்காரருக்கு அரை மணி வேலை.

முயலாமல் தளரும் உடை

எடை குறைக்க எந்த முயற்சியும் செய்யாதவரின் உடை தளர்ந்தால், அதற்குத் துணிக்கடையில் தீர்வு இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 விழுக்காடு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, காரணமின்றிக் குறைவதை மருத்துவம் ஆராயவேண்டிய அறிகுறியாகக் கொள்கிறது. வீட்டில் எடைக்கருவி இல்லாத குடும்பங்களில் இதை முதலில் காட்டிக்கொடுப்பது பெல்ட்டின் ஓட்டையும் ரவிக்கையின் கையும்தான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்தால் நீரிழிவையும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் காசநோயையும் சோதிக்கவேண்டும். தைராய்டு, வயிற்று நோய்கள், மனச்சோர்வு, புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும், முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கான சோதனைகளுக்குச் செல்லலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வீட்டுக்கே வந்து பார்க்கின்றனர்.

காசநோயாளிக்கு உடை பற்றிய அறிவுரை தலைகீழாகும். மருந்து வேலை செய்தால் எடை திரும்பும். அவ்வாறு கூடுவது நலமடைவதன் அடையாளம். சத்துணவுக்காக ஒன்றிய அரசு மாதந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்தும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவர்கள் உடைகளைப் பிடித்துத் தைக்கவேண்டியதில்லை. ஊக்கும் நாடாவும் கொண்டு சில மாதம் சமாளித்தால் பழைய உடையே மறுபடி பொருந்தும்.

பழைய உடைகள்

எடை நிலைத்த பின்னரே நல்ல உடை வாங்குவது வழக்கம். அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பகுதி எடை முதல் 12 முதல் 18 மாதத்துக்குள் குறைவதால், அதுவரை பட்டுச் சட்டையும் கோட்டும் காத்திருக்கலாம். மற்றவர்களுக்கு மூன்று மாதம் ஒரே அளவில் நின்றால் போதுமான அறிகுறி.

பெரிய அளவு உடைகளை முற்றாக ஒழித்துவிடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எடை கூடும்போது எச்சரிக்கை கிடைப்பதற்காகவே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவோர் ஒருபுறம். ஒரு சட்டை, ஒரு பேண்ட் மட்டும் வைத்துக்கொள்வோர் மறுபுறம். பின்னதே நடைமுறைக்கு ஒத்தது. எஞ்சியவற்றை உறவினருக்குக் கொடுக்கலாம். தெருவில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வியாபாரிகளிடமும் போடலாம். அவர்கள் கிழியாத பேண்ட்டுக்கும் சட்டைக்கும்தான் மதிப்புப் போடுவார்கள். பழைய ரவிக்கைகள் கரித்துணியாகவே முடியும்.