மோட்டார் பாட்டரி திடீரெனச் செயலிழப்பதேன்?

மேற்குத் தொடர்ச்சி மலை பிளவுண்டு அகன்ற கணவாயாக விரியும் பாலக்காட்டுச் சமவெளியில் எலப்புள்ளி அமைந்துள்ளது. கோடையில் இங்கு வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. “நேற்று மாலைவரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை கிளம்பவில்லை” என்று இத்தகைய இடங்களில் பணிபுரியும் ஊழியர் கூறக் கேட்கிறோம். நோயாளியையோ மருந்தையோ ஏற்றிச் செல்லவேண்டிய வேளையில் இது நேருமாயின் விளைவு கொடிதாகும். பெரும்பாலும் அக்கேடு ஓரிரவில் தோன்றியதன்று. பல மாதங்கள் வளர்ந்து அன்று வெளிப்பட்டதே ஆகும்.

1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே கண்ட ஈய-அமில முறையே பெரும்பாலான வண்டிகளில் இன்றும் வழங்குகின்றது. 12 வோல்ட்டுப் பாட்டரியில் ஆறு கலங்கள் உள்ளன. அவற்றின் தகடுகள் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். வெப்பம் மிகுந்தால் நீர் குறைகின்றது; நேர்மின் தகடுகளின் ஈயச் சட்டம் விரைந்து அரிக்கப்படுகின்றது. அரிப்புண்ட பகுதி, விளக்கெரிக்கும் சிறு மின்னோட்டத்தைத் தாங்கும். எஞ்சினைச் சுழற்றத் தேவையான நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்காது அற்றுவிடும். ஆகவே, கோடையில் நலிந்த பாட்டரி மழைக்காலத்தில் நின்றுபோவதும் உண்டு. பழி மழையின்மீது விழும், குற்றமோ வெயிலினது.

காரணம் அறியும் முறை எளிது. முதலில் முனைகளைப் பார்க்க. அவை தளர்ந்தோ, உப்புப் பூத்தோ இருப்பின், பாட்டரி நன்றாயிருந்தும் வண்டி கிளம்பாது. பின்னர், சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியை வோல்ட்டுமானியால் சோதிக்க. 12.6 வோல்ட்டு முழு மின்னேற்றத்தைக் குறிக்கும்; 12 வோல்ட்டுக்குக் கீழாயின் மின்னேற்றம் பெரிதும் குறைந்துள்ளது. மின்னேற்றிய பின்னரும் 10.5 வோல்ட்டளவே நின்றால், ஒரு கலம் பழுதுற்றதெனக் கொள்ளலாம். எஞ்சினைக் கிளப்பும்பொழுது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவது நலிவின் அறிகுறி. எஞ்சின் ஓடும்பொழுது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை இருத்தல் வேண்டும். இல்லையேல் மின்னேற்றும் அமைப்பையும் அதன் வாரையும் ஆராய்க.

தடுக்கும் வழிகளாவன:

1. மூடி திறக்கும் வகையாயின், கோடையில் இரு வாரத்திற்கொருமுறை நீர்மட்டம் நோக்கி, வாலைநீர் மட்டுமே ஊற்றுக. கிணற்று நீரும் அமிலமும் ஆகா.
2. முனைகளைத் துடைத்து, இறுக்கி, வாசலீன் தடவுக. கழற்றும்பொழுது எதிர்முனையை முதலிலும், பூட்டும்பொழுது அதனை இறுதியிலும் கையாள்க.
3. வண்டியை நிழலில் நிறுத்துக. நெடுநாள் ஓட்டாதிருப்பின் இடையிடையே மின்னேற்றுக.
4. பாட்டரியின் அருகே தீ கூடாது. அதனின்று வெளிப்படும் ஹைட்ரஜன் வெடிக்கும் இயல்பினது.

ஆசிரியர்கள் ஒரு வோல்ட்டுமானியைக் கொண்டு மேற்கூறிய அளவுகளைப் பள்ளி வண்டியிலேயே மாணவர்க்குக் காட்டலாம். மாதந்தோறும் அவ்வளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரின், பாட்டரி நலிந்துவருவது முன்னரே புலப்படும்.