ஆதாயம் தரும் பதவி (புதுச்சேரி)

ஆதாயம் தரும் பதவி என்பது, மக்கள் பிரதிநிதி ஒருவர் அரசின்கீழ் வகிக்கக்கூடாத, பணப்பயன் உள்ள பதவியைக் குறிக்கும் சட்டச்சொல் ஆகும். புதுச்சேரிச் சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு இத்தடையை விதிப்பது 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. சம்பளம் வாங்காமல் வகிக்கும் கௌரவப் பதவியும் இத்தடைக்குள் வருமா என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் எழுந்துள்ளன.

அரசைக் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினர் அதே அரசின் தயவில் பதவி பெற்றால், அவரால் தயங்காமல் பேச முடியாது என்பதே இத்தடையின் அடிப்படை.

புதுச்சேரியில் இதன் முக்கியத்துவம்

புதுச்சேரிப் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 30 பேர். ஒன்றிய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். அமைச்சரவையோ முதலமைச்சரையும் சேர்த்து 6 பேருக்குள் அடங்கிவிடுகிறது. அமைச்சர் பதவி கிடைக்காதவர்களைத் திருப்திப்படுத்த வாரியத் தலைவர், நாடாளுமன்றச் செயலாளர் போன்ற பதவிகள் பயன்படுகின்றன. இவ்வளவு சிறிய அவையில் ஓர் இடம் காலியானாலும் ஆட்சியின் கணக்கு மாறிவிடும். 2021 பிப்ரவரியில் வெ. நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது எதிர்த்தரப்பில் இருந்தோர் 14 பேர், ஆளும் தரப்பில் 12 பேர்.

பணம் வாங்காவிட்டால்?

கர்நாடகத்தின் குப்பி வட்ட வளர்ச்சிக் குழுத் தலைவர் ஒருவருக்குக் கூட்டம் நடக்கும் நாளுக்கு 6 ரூபாய் தரப்பட்டது. அது கைச்செலவை ஈடுசெய்யும் தொகைதான், ஆதாயம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் கூறியது. ஆனால் மாதந்தோறும் தரப்படும் தொகைக்கு மதிப்பூதியம் என்று பெயரிட்டால் மட்டும் தப்பிவிட முடியாது. சார்க்கண்டு வட்டார இடைக்காலத் தன்னாட்சி மன்றத் தலைவராக மாதம் 1,750 ரூபாய் பெற உரிமை இருந்ததால், சிபு சோரன் மாநிலங்களவைக்குத் தேர்வானது செல்லாது என 2001-இல் தீர்ப்பாயிற்று.

2006-இல் வந்த ஜெயா பச்சன் வழக்கு இன்னும் ஒரு படி மேலே சென்றது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவர் என்ற முறையில் அவருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும், விருந்தோம்பலுக்கு 10,000 ரூபாயும், ஓட்டுநருடன் வாகனமும் உரியவை. தாம் எதையும் பெறவில்லை என்று அவர் வாதிட்டார். பெற்றாரா என்பதல்ல, பதவி பணப்பயன் தரக்கூடியதா என்பதே கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். மாநிலங்களவை உறுப்பினர் பதவியிலிருந்து அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டது உறுதியானது. எனவே "சம்பளமே வாங்கவில்லை" என்று மேடையில் சொல்வது பெருந்தன்மையைக் காட்டலாம், பதவியைக் காப்பாற்றாது.

விலக்குகள்

நாடாளுமன்றமோ புதுச்சேரிப் பேரவையோ சட்டமியற்றி ஒரு பதவிக்கு விலக்கு அளிக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்க்காவல் படை, பிராந்திய இராணுவம், தேசிய மாணவர் படை ஆகியவற்றின் பொறுப்புகளுக்குப் பெயர் சொல்லியே விலக்கு அளிக்கிறது. 2012-இல் ஒன்றிய அமைச்சராக இருந்தபடியே சச்சின் பைலட் பிராந்திய இராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். அரசுக்கு ஆலோசனை கூறும் குழுக்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் தினப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி போன்ற ஈட்டுப்படிகளைத் தவிர வேறு ஊதியம் இருக்கக்கூடாது.

விலக்குச் சட்டம் இல்லாமல் நியமித்தால் என்ன ஆகும் என்பதைத் தில்லி காட்டியது. அங்கு 2015-இல் 21 சட்டமன்ற உறுப்பினர்கள் ஊதியமின்றி நாடாளுமன்றச் செயலாளர்களாக நியமிக்கப்பட்டனர். அவர்களில் 20 பேர் 2018 சனவரியில் பதவியிழந்தனர். தங்கள் வாதத்தைக் கூற வாய்ப்பு தரப்படவில்லை என்பதால் உயர் நீதிமன்றம் இரு மாதங்களில் அந்த முடிவை நீக்கியது.

மாநிலங்களில் இத்தகைய முறையீட்டை முடிவு செய்பவர் ஆளுநர். புதுச்சேரியில் துணைநிலை ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை. தேர்தல் ஆணையத்தின் கருத்தைப் பெற்றுக் குடியரசுத் தலைவரே முடிவு செய்கிறார்.

அரசு ஊழியர்கள்

எதிர்த்திசையிலும் தடை உண்டு. புதுச்சேரிப் பேரவைக்கு நியமிக்கப்படும் மூவரும் அரசுப் பணியில் இருப்பவர்களாக இருக்கக்கூடாது என்று அதே 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு கூறுகிறது. மற்றபடி, ஒன்றிய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, அலுவலக வேலை கெடாதவரை, சமூக நலம் அல்லது அறப்பணி சார்ந்த கௌரவப் பணியை ஓர் ஊழியர் முன் அனுமதியின்றியே செய்யலாம். ஓர் அமைப்பில் தேர்தல் மூலம் வரும் பொறுப்பை ஏற்பதற்கு மட்டும் முன் அனுமதி தேவை.