பெயர் மீளுமோ, பொருள் மீளுமோ?

கொட்டாஞ்சேனையில் மோட்டார் வாகனம் திருத்தும் பட்டறை ஒன்றினை நடத்திவரும் அன்பர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் பயின்றவர். அண்மையில் ஒரு சனிக்கிழமை மாலை, வெள்ளவத்தையிலிருந்து அப்பக்கமாகச் சென்ற யான் அவருடைய பட்டறையிற் சிறிது நேரம் தங்கினேன். அவ்வேளை இளைஞர் ஒருவர் தம் மிற்சுபிசி லான்சர்க் காரைக் கொணர்ந்து நிறுத்தினார். அதன் பின்புறத்தில் ‘எவலூஷன்’ என்னும் பெயர்த்தகட்டைப் பொருத்தித் தரவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். தகட்டையும் தாமே வாங்கி வந்திருந்தார். கேட்ட கூலியைத் தருவதாகவும் கூறினார். பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். “தம்பி, இதை ஒட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தக் காரில் உள்ளது ஒன்றும் இந்தக் காரில் இல்லையே” என்றார். இளைஞர் முகம் வாடிச் சென்றார்.

பின்னர் அவர் என்னை நோக்கி, “ஐயா, காரணப் பெயரை இடுகுறியாக்க எனக்கு மனம் வரவில்லை” என்றார். வகுப்பறையில் என்றோ சொன்ன பாடம், எண்ணெய்க் கறை படிந்த கைகளில் இன்றும் உயிரோடு இருக்கக் கண்டு மகிழ்ந்தேன். இக்கட்டுரை அம்மகிழ்ச்சியில் எழுந்தது.

‘லான்சர்’ என்னும் ஆங்கிலச் சொல் ஈட்டி தாங்கிய குதிரைவீரனைக் குறிக்கும். யப்பானிய நிறுவனமாகிய மிற்சுபிசி, 1973ஆம் ஆண்டில் அப்பெயரோடு ஒரு சிறு காரை வெளியிட்டது. மறு ஆண்டே கிழக்காபிரிக்காவின் சபாரி ரலியில், கென்யாவிற் பிறந்த சீக்கியரான ஜோகிந்தர் சிங் அக்காரைச் செலுத்தி முதலிடம் பெற்றார். 1976இலும் அவரே லான்சரில் வென்றார். புழுதியும் சேறும் மாறிமாறி வரும் அந்நெடுவழியைக் கடந்து வந்தபோதே ஈட்டிவீரன் என்ற பெயர் தனக்குரிய காரணத்தைப் பெற்றுவிட்டது.

1992இல் லான்சர் எவலூஷன் தோன்றியது. உலக ரலிப் போட்டியின் அக்கால விதிப்படி, போட்டிக் காரின் மூலவடிவத்தை ஆயிரக்கணக்கிற் செய்து பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். ஆகவே, பந்தய வீரனுக்கெனக் கருதிய பொருள் சாதாரண மனிதனின் வீட்டு வாயிலுக்கும் வந்தது. இரண்டு லீற்றர் எஞ்சின், அதற்கு மிகுதியான காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ, நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்து செல்லும் ஆற்றல், ஏறத்தாழ 250 பரிவலு: இவையெல்லாம் குடும்பக் கார் ஒன்றின் உடலுள் அடங்கின. பின்லாந்து நாட்டவரான டொமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இக்காரிலேயே உலக வெற்றிவீரரானார்.

‘எவலூஷன்’ என்பதை எம் நாட்டுப் பாடநூலார் ‘கூர்ப்பு’ என மொழிபெயர்ப்பர். அச்சொல் ஈண்டு எத்துணைப் பொருத்தம்! பத்து முறை அந்த ஈட்டியைத் தீட்டினர். ஒவ்வொரு முறையும் கூர்மை மிகுந்தது. பத்தாவது பதிப்போடு, 2016இல் தீட்டுதல் நின்றது.

காரணங்கள் பல. 2005ஆம் ஆண்டுப் போட்டிகளோடு நிறுவனம் உலக ரலியை விட்டு நீங்கியது. புகைக் கட்டுப்பாடுகள் இறுகின; மக்கள் விருப்பமும் உயரமான குடும்ப வண்டிகளை நாடிச் சென்றது. 2016இல், எரிபொருட் சிக்கனச் சோதனைகளின் கணக்கைத் திரித்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டு தலைகுனிய நேர்ந்தது. அவ்வாண்டிலேயே அதன் 34 வீதப் பங்கை நிசான் நிறுவனம் வாங்கிற்று. கடனும் பழியும் சூழ்ந்த வீட்டில் ஈட்டி தீட்டுவார் யார்?

ஆயினும் அன்பர்கள் நம்பிக்கை இழந்திலர். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைவோரும், சித்திரைப் பருவத்தில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தைக் காணச் செல்வோரும், “எவலூஷன் மீண்டும் வருமாமே!” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். 2021இல் நிறுவனம் தன் பழைய பந்தயப் பிரிவின் பெயராகிய ‘ரலியார்ட்’ என்பதை உயிர்ப்பித்தபோது அவர்கள் உள்ளம் துள்ளியது. முதலில் அப்பெயர் அணிகலன்களிலும் ஒட்டுப்படங்களிலுமே காணப்பட்டது. பின்னர், 2022இல் அப்பெயர் தாங்கிய அணி ‘டிரைற்றன்’ வண்டியைச் செலுத்தி ஆசிய நெடுவழி ரலியில் வென்றது. எனவே பொருள் முற்றும் இல்லை எனவும் கூறுதற்கில்லை. ஆனால் அது சுமை ஏற்றும் வண்டி, ஈட்டிவீரன் அல்லன்.

அவர்களுடைய அச்சத்துக்கும் காரணம் உண்டு. ‘எக்லிப்ஸ்’ என்பது 1989 முதல் 2011 வரை இதே நிறுவனம் செய்த இருகதவு விரைவுக் காரின் பெயர். 2017இல் அப்பெயரோடு ‘குரொஸ்’ என ஒரு சொல்லைக் கூட்டி, உயர்ந்த குடும்ப வண்டி ஒன்றுக்குச் சூட்டினர். வண்டி தீதன்று, பெயர்தான் வழிமாறிற்று. லான்சருக்கும் இக்கதி நேருமோ என்பதே அன்பர்தம் கவலை.

பிறர் செய்ததையும் நோக்குவோம். ரொயோட்டா நிறுவனம் 2002இல் நின்றுபோன ‘சுப்ரா’ காரை 2019இல் மீட்டது. பெயர் பழையது, எஞ்சினோ ஜேர்மனியின் பி.எம்.டபிள்யு. நிறுவனத்தது. அதன் மறு ஆண்டில் அதே ரொயோட்டா ‘ஜீ.ஆர். யாரிஸ்’ என்னும் சிறு காரை வெளியிட்டது. மூன்று சிலிண்டர், 1.6 லீற்றர், டேர்போ, நான்கு சில்லுக்கும் ஆற்றல். ரலிக் களத்தை நினைந்தே பிறந்த வண்டி அது. அதனை உருவாக்கத் துணை நின்றவர் யார் தெரியுமோ? லான்சரில் நான்கு முறை வாகை சூடிய அந்த மாக்கினெனே! எவலூஷனின் உயிர் வேறொரு வீட்டிற் சென்று பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நிற்க. இக்கார் மீண்டாலும் எம்மவர் எத்தனை பேர் வாங்க முடியும்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கியது. எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ப வரியும் ஏறும். பழைய வண்டிகளுக்கு வயதெல்லை உண்டாதலின் எவலூஷனை இனி வெளிநாட்டிலிருந்து கொணர்தலும் அரிது. 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் எனப் பெற்றோலை அளந்து பெற்ற காலமும் எமக்கு மறக்கவில்லை. இவற்றையெல்லாம் எடுத்துக் கூறி, “பின் ஏன் இந்த ஆசை?” என்று மாணாக்கரை வினவினேன். “வாங்குவதற்கு அன்று, ஐயா. அப்படி ஒன்றைச் செய்யும் எண்ணம் உலகில் இன்னும் இருக்கிறது என்று அறிந்தாற் போதும்” என்றார்.

அவர் மறுமொழி என்னைச் சிந்திக்கச் செய்தது. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். மீண்டு வரும் தேரொலிக்குச் செவி கொடுத்திருத்தல். அத்திணைப் பாடல்களிலே தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு வலவனிடம் கூறுவான். விரைவை விரும்பியவர்தாம் நம் முன்னோரும். ஆனால் அகநானூற்றுத் தலைவன் ஒருவன், பூவிலே தேனுண்ணும் வண்டினம் கலங்குமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டி வருகின்றான். நள்ளிரவிற் காலி வீதியிலே புகைபோக்கி அலற விரையும் இளைஞர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. விரைவுக்கு உரிய களம் மகாகஸ்தோட்டை. குழந்தைகள் உறங்கும் வெள்ளவத்தை அன்று. தேர் விரைவதிலும், அதனை அடக்கி ஆளும் வலவனின் திறத்திலேயே பெருமை உளது. தானே செல்லும் வண்டிகள் பெருகிவரும் இந்நாளில், மனிதன் கையும் கண்ணும் காலும் இயைந்து செய்யும் அத்தொழிலை மறக்கக்கூடாது என்பதே இவ்வன்பர்தம் ஆசையின் உட்பொருள் எனக் கொண்டேன்.

ஆதலின் என் முடிபை அவரிடம் கூறினேன்: “பெயர் மட்டும் மீளுமாயின் மீளாதிருத்தலே நன்று. பொருள் மீளுமாயின், எப்பெயரோடு வரினும் வரவேற்போம்.”

மாணாக்கர் தலையசைத்தார், ஆனால் உடன்பட்டாரல்லர். “பெயரும் வேண்டும், ஐயா. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிறோமே. அந்தப் பெயரைக் கெடுக்கக்கூடாது என்ற நினைவிலேயே எத்தனை பிள்ளைகள் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள்!”

பாட்டன் பெயரைத் தாங்குதலாலன்றோ ‘பெயரன்’ எனப்பட்டான். அதுவே ‘பேரன்’ என மருவிற்று. காரணப் பெயருக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. அன்று பாடம் கேட்டுத் திரும்பியவன் யானே.